தகரப் பட்டறையில் பிறந்த இசையும் நான் பிடுங்கி வைத்த கேசட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

2025 ஜூலை 22 அன்று ஆஸி ஆஸ்பார்ன் என்ற இங்கிலாந்துப் பாடகர் 76 வயதில் காலமானார். நான் இங்கே இரண்டு வரி அஞ்சலி போட்டேன். "வௌவால் தலையைக் கடிச்ச ஆளுக்கா மாமா அஞ்சலி?" என்று தங்கை மகன் கேட்டான். "நீங்க பழைய பாட்டு, பக்திப் பாட்டுதான் கேப்பீங்கன்னு நெனச்சோமே சார்" என்று ஒரு பழைய மாணவி எழுதினாள். இருவருக்கும் ஒரு பதில் பாக்கி. இன்னொருவனுக்கு ஒரு மன்னிப்பும் பாக்கி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வௌவால். நடந்தது உண்மைதான். 1982 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு மேடையில் யாரோ வீசியதை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்துவிட்டார். பிறகு வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசியைப் போட்டுக்கொண்டார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஊருக்கு அந்த ஒரு சங்கதிதான் ஞாபகம் இருக்கிறது. அவர் எங்கிருந்து வந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

பர்மிங்காம் நகரில் ஆஸ்டன் என்ற பகுதி. இரும்பு, எந்திரம், கார் உதிரி பாகம் என்று எங்கு பார்த்தாலும் தொழிற்சாலைகள். நம் அம்பத்தூர் எஸ்டேட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸி அங்கே தொழிலாளி வீட்டுப் பிள்ளை. கார் ஹாரன்களுக்குச் சுருதி சரிபார்க்கும் வேலை செய்தார். கசாப்புக் கூடத்திலும் வேலை செய்தார். அவருடைய கூட்டாளி டோனி அயாமி தகரத் தகடு வெட்டும் பட்டறையில் இருந்தார். கிட்டார் வாசிக்க வெளிநாடு போகலாம் என்று 17 வயதில் அந்த வேலையை விட முடிவு செய்தார். வேலையின் கடைசி நாள் அன்று எந்திரம் அவருடைய வலக்கை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துவிட்டது. அவர் இடக்கைக்காரர். கிட்டாரில் தந்தியை அழுத்த வேண்டிய கை வலக்கைதான்.

இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். பட்டறை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞரின் தட்டு. தீயில் கருகி இரண்டு விரல் முடங்கிப்போன மனிதர் வாசித்தது அது. அதைக் கேட்ட பிறகு அயாமி, பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். அதன்மேல் தோல் ஒட்டினார். மெல்லிய தந்திகளை மாட்டினார்.

அதன்பின் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினார். வீணையில் பிருடையைத் தளர்த்தினால் என்ன ஆகும்? தந்தி விரலுக்கு மெத்தென்று இருக்கும். சுருதி கீழே இறங்கும். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் பல பாட்டுகளுக்கு இப்படி மூன்று அரைச்சுரம் கீழே இறக்கியிருக்கிறார். அடி வயிற்றில் வந்து இடிக்கும் அந்தக் கனத்த ஒலிதான் ஹெவி மெட்டலின் அடையாளம். அது ஒரு தொழிலாளியின் காயத்துக்குக் கண்டுபிடித்த கைவைத்தியம். இன்று உலகம் முழுக்க இரண்டு கையும் முழுதாக இருப்பவர்களும் அதே போலச் சுருதியை இறக்கி வாசிக்கிறார்கள்.

அந்த நால்வர் குழு 'பிளாக் சப்பாத்'. முதல் ஆல்பத்தை ஏறக்குறைய ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. அதன் முதல் பாட்டு மூன்றே சுரங்களில் நிற்கிறது. கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்தியமம். சட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு ஐரோப்பாவின் பழைய இசை இலக்கணக்காரர்கள் 'இசையில் சாத்தான்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நமக்கோ 72 மேளகர்த்தாவில் சரிபாதி, அதாவது 36, பிரதி மத்தியம மேளங்கள்தான். கல்யாண வீட்டில் நாகஸ்வரக்காரர் மங்களகரமாக வாசிக்கும் கல்யாணியில் இருப்பதும் அதே மத்தியமம். அவர்களுக்குச் சாத்தான், நமக்குக் கல்யாணி! ஒரு சத்தம் நல்லதா கெட்டதா என்பது சுரத்தில் இல்லை, கேட்டுப் பழகிய காதில் இருக்கிறது என்று எனக்குப் புரியவைத்தது இந்தப் பாட்டுதான்.

அதே ஆண்டு வந்த 'பேரனாய்ட்' ஆல்பத்தின் முதல் பாட்டு வியட்நாம் போரைத் தூண்டிவிட்டவர்களைத் திட்டுவது. இந்த இசையைச் சாத்தான் வழிபாடு என்று சொன்னவர்கள் அந்த வரிகளை ஒருமுறை படித்திருக்கலாம்.

எனக்கு இது எப்படி வந்தது? 1981இல் ஆசிரியர் பயிற்சி விடுதியில் அறைத் தோழன் ஒருவனிடம் டேப் ரெக்கார்டர் இருந்தது. அவன் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். வெளிநாட்டு கேசட் வேண்டுமென்றால் பர்மா பஜார்தான். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய நம் மக்களுக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே உண்டான கடைவீதி அது. 90 நிமிட வெற்றுக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். ஒரு பக்கத்துக்கு ஓர் ஆல்பம் சரியாக அடங்கும். எங்களுடையதில் ஒரு பக்கம் 'பேரனாய்ட்', மறுபக்கம் டீப் பர்ப்பிள் குழுவின் 'மெஷின் ஹெட்'.

அந்த 'மெஷின் ஹெட்' வந்த கதையும் கேட்கத் தகுந்தது. 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் ஒரு கேளிக்கை அரங்கு. மறுநாள் முதல் இவர்கள் அங்கே பாட்டுப் பதிவு செய்ய வேண்டும். அன்று வேறொருவரின் கச்சேரியில் ஒரு ரசிகர் எரிவாணத் துப்பாக்கியால் கூரையைச் சுட, அரங்கமே எரிந்தது. ஏரியின்மேல் புகை படிந்து கிடந்த காட்சியையே பாட்டாக்கினார்கள். காலியாகக் கிடந்த ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளைச் சுவரில் சாத்திவைத்துப் பதிவு செய்து, 1972 மார்ச்சில் ஆல்பத்தை வெளியிட்டார்கள். இன்று கிட்டார் கற்கும் எந்தப் பையனும் முதலில் தடவிப் பார்ப்பது அந்தப் புகைப் பாட்டின் தொடக்கத்தைத்தான்.

இந்தக் குழுக்களும் நம்மிடம் காது கொடுத்துக் கேட்டிருக்கின்றன. லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் 1972 அக்டோபரில் பம்பாய் வந்தார்கள். அங்குள்ள வயலின், தபலா கலைஞர்களோடு தங்கள் இரண்டு பாட்டுகளைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். அது முறையாக வெளிவந்தது 43 ஆண்டுகள் கழித்து, 2015இல். கேட்டுப் பாருங்கள். வெள்ளைக்காரர் பாட்டு நம் ஊர்க் கைகளில் எப்படி வளைகிறது என்று தெரியும்.

நம் பக்கமும் சும்மா இல்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்த இளையராஜா, 1978இல் 'ப்ரியா' படப் பாட்டுகளை ஸ்டீரியோவில் கொடுத்தார். 1980இல் 'மூடுபனி', 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' என்று கிட்டார் நம் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. ஏ.ஆர்.ரஹ்மான் சினிமாவுக்கு முன்னால் சென்னையில் நெமசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். 'இங்கிலீஷ் பாட்டு இரைச்சல்' என்று சொன்ன நம் பெரியவர்கள், அதே கருவிகள் தமிழ்ப் பாட்டில் வந்தபோது தலையாட்டிக் கேட்டார்கள். நானும் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மன்னிப்பு.

வாத்தியார் வேலைக்கு வந்த பிறகு இந்த இசையை நான் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்துத்தான் கேட்பேன். ஊரில் மரியாதை போய்விடும் என்ற பயம். 1993 வாக்கில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். பாடத்தில் சுமார், ஆங்கிலம் சுத்தமாக வராது. அவன் பையில் ஒரு கேசட் இருந்தது. எலும்புக்கூடு முகத்தோடு எகிப்து ராஜா சிலை மாதிரி அட்டைப் படம். அயர்ன் மெய்டன் குழுவின் 'பவர்ஸ்லேவ்', 1984இல் வந்த ஆல்பம். மாமல்லபுரத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொடுத்தாராம். "படிக்கிற பிள்ளைக்கு இந்தப் பேய்ப் பாட்டு எதுக்கு?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். பிடுங்கி பீரோவில் போட்டேன். பிரம்பால் ஓர் அடியும் கொடுத்தேன். அது என்ன ஆல்பம் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை, கடலுக்குப் போய்விட்டான். அந்தக் கேசட்டும் எங்கோ தொலைந்துவிட்டது.

2013இல் நம் கோவளத்தில் அலைச்சறுக்குத் திருவிழா தொடங்கியது உங்களுக்குத் தெரியும். நம் மீனவ சமுதாயத்துப் பிள்ளை மூர்த்தி மேகவன் தானாக அலைச்சறுக்கு பழகி, மற்ற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, அருண் வாசுவோடு சேர்ந்து பள்ளி தொடங்கி, அதிலிருந்து வளர்ந்த விழா. பகலில் அலையில் போட்டி, இரவில் மேடையில் இசை. மின்கிட்டார் சத்தம் கடற்கரை முழுக்கக் கேட்டது. கூட்டத்தின் ஓரமாக நின்றிருந்தேன். "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஒருவன் வந்தான். தோளில் சின்னப் பெண் குழந்தை. அவனேதான்.

கேசட்டைப் பற்றி நானே பேச்செடுத்தேன். அவன் சிரித்தான். "அதுல கடைசிப் பாட்டு ஒண்ணு உண்டு சார். கடல்ல ஒரு கிழவன் பறவையைக் கொன்னுடுறான், காத்து நின்னுபோய் கப்பல் அப்படியே நிக்குது, கூட இருந்தவங்க எல்லாம் தாகத்துல சாவுறாங்கன்னு அந்த வெள்ளைக்காரர் கதை சொன்னார். எங்க ஆயா சொல்ற கதை மாதிரி இருந்துது. பாட்டு புரியலேன்னாலும் அதுக்காகத்தான் வச்சிருந்தேன்" என்றான்.

அந்தக் கதை கோல்ரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவிஞர் எழுதியது. 1798இல் வெளியானது. அதை 13 நிமிடப் பாட்டாக ஆக்கியிருந்தார்கள். ஆங்கிலம் வராத பிள்ளை தானாகத் தேடிப் பிடித்த ஆங்கிலப் பாடம் அது. அதைப் பிடுங்கியது ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்கிய நான். அன்று அவனிடம் சரியாக ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. இப்போது எல்லோர் முன்னாலும் சொல்கிறேன், அடித்ததும் எல்லோர் முன்னால்தானே: தம்பி, தப்பு என்னுடையது. என்னை மன்னித்துவிடு.

அந்தக் கவிதையின் கிழவனுக்குக் கிடைத்த தண்டனை, வாழ்நாள் முழுக்க எதிரில் வருகிறவர்களை நிறுத்தித் தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பது. எனக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு எதையோ கேட்கும்போது, 'என்ன இரைச்சல்' என்று சொல்வதற்கு முன்னால் ஒருமுறை வாங்கிக் கேளுங்கள். பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை. "இதுல உனக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

ஆஸி தம் கடைசிக் கச்சேரியை 2025 ஜூலை 5 அன்று, வளர்ந்த அதே ஆஸ்டனில் ஒரு கால்பந்து மைதானத்தில் செய்தார். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பக்கத்தில் கிட்டார் வாசித்தவர் அதே டோனி அயாமி, விரலில் அதே தொப்பியோடு. 17 நாள் கழித்து ஆஸி போய்விட்டார்.

இனிமேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்
கோவளம்