மாத்தளைக் கிளர்ச்சியும் இணையத் தணிக்கையும்

இணையத்தை முடக்குதல் முறையோ என இன்று எழும் வினாவின் பழைய வடிவத்தை 1848இல் மாத்தளையிற் காணலாம். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி. அதன்மேல் ஆண்டுக்கு ஆறு நாள் கட்டாயத் தெருவேலை. யூலை 28இல் மாத்தளைக் கச்சேரி தாக்கப்பட்டது. வரியேடுகள் சில அழிந்தன. தேசாதிபதி டொரிங்ரன் ஆட்சியோ எலியற்றின் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகைமேற் பழிசுமத்தியது. அதில் வந்த கடிதமொன்று சிங்களத்தில் பெயர்க்கப்பட்டுப் பரவியது மெய்யே. ஆயினும் ஏடுகளை அழித்தோர் வெகுண்டது வரியைக் கண்டேயாம்.

2018 மார்ச்சில் அயல் மாவட்டமான கண்டியில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. வெறுப்புரை உயிர்களுக்கே ஊறாயிற்றாதலின், அதனை டொரிங்ரன் செயலோடு ஒப்பிடுதல் பொருந்தாது. அரசை எதிர்த்து மக்கள் திரளவிருந்த 2022 ஏப்ரல் 3இலும் அதே தடை வந்தமையே சிந்தனைக்குரியது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யெனத் தீர்மானிக்கும் பொறுப்பை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி.