தோட்ட வாசலைத் தாண்டும் டிராக்டர்: தார்ச் சாலையில் ஏறும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பழக்குலை ஏற்றிய டிராக்டர் பழைய டிவிஷனிலிருந்து புறப்படுகிறது. ஆலைக்குப் போக வேண்டுமானால் கூட்டரசுச் சாலையில் அரை கிலோமீட்டர் ஓடித்தான் ஆக வேண்டும். "அரை கிலோமீட்டர்தானே, யார் பார்க்கப் போறாங்க, ஓட்டிட்டுப் போப்பா" என்பார் மண்டோர். பல வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. பொழுது சாய்ந்த ஒரு நேரத்தில், விளக்கு எரியாத டிரெய்லரின் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து மோதும் வரை.

அதற்குப் பிறகு போலீஸ் நிலையத்தில் கேட்கப்படும் முதல் கேள்விகள் மண்டோரிடம் அல்ல, டிராக்டர் ஓட்டியவரிடம்தான். என்ன லைசென்ஸ் வைத்திருக்கிறாய்? வண்டிக்குச் சாலை வரி இருக்கிறதா? காப்புறுதி பொதுச் சாலைக்குமா, தோட்டத்துக்குள் மட்டுமா?

தோட்டத்தில் வேலை செய்வோரும், டிராக்டர், பேக்கோ, லோ-லோடர் வைத்துச் சிறு குத்தகை எடுத்துச் செய்வோரும் நம்மில் நிறைய பேர். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

வாசலுக்கு உள்ளே, வாசலுக்கு வெளியே

நம் நாட்டின் சாலைகளை ஆளுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், அதாவது சட்டம் 333. 'சாலை' என்றால் என்ன என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. பொதுமக்கள் போய்வரும் சாலை, பாலம், சாலைச் சந்திப்பு எல்லாம் அதில் அடங்கும். தனியார் தங்கள் செலவில் போட்டுப் பராமரிக்கும் தனிச் சாலை அடங்காது. தோட்டத்தின் உள்சாலையில் எண் பலகை இல்லாத டிராக்டர் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

வாசலைத் தாண்டி முன்சக்கரம் தாரில் பட்டதும் கதை மாறிவிடுகிறது. அரை கிலோமீட்டர் ஓடினாலும், சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்பக்க பிளாக்குக்குப் போனாலும் சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். பதிவு, சாலை வரி, காப்புறுதி, விளக்கு, பிரேக், ஓட்டுநரின் லைசென்ஸ் எல்லாமே காருக்கு இருப்பதுபோல டிராக்டருக்கும் இருக்க வேண்டும். "இது விவசாய வண்டி, இதுக்கெல்லாம் சட்டம் கிடையாது" என்று சொல்லிக்கொள்வது நம் ஊர்ப் பேச்சு மட்டுமே.

காப்புறுதி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். பாலிசியை எடுத்து, பொதுச் சாலையில் நடக்கும் விபத்துக்கும் அது செல்லுமா என்று முகவரிடம் கேளுங்கள். வாய்ச் சொல்லாக இல்லாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள். தகுந்த லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடம் திரும்பக் கேட்க வழியிருக்கிறது. ஒரே ஒரு டிராக்டரை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது தாங்காது.

கார் லைசென்ஸ் போதாது

நம்மவர்கள் அதிகம் தவறுவது இதில்தான். காருக்கு 'டி' பிரிவு. டிராக்டருக்கும் நகரும் இயந்திரங்களுக்கும் ஜே.பி.ஜே. நான்கு தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறது. சுமையில்லா எடை 5,000 கிலோவைத் தாண்டாத ரப்பர் சக்கர வண்டிக்கு 'எஃப்', அதே எடையில் சங்கிலிச் சக்கர வண்டிக்கு 'ஜி'. 5,000 கிலோவைத் தாண்டினால் ரப்பர் சக்கரத்துக்கு 'எச்', சங்கிலிச் சக்கரத்துக்கு 'ஐ'. இயந்திரத்தை ஏற்றிப்போகும் பெரிய டிரெய்லர் லோரிக்கு 'இ' பிரிவு வேண்டும். அதோடு சரக்கு வண்டி ஓட்டுவதற்கான ஜி.டி.எல். லைசென்ஸும் தனியாக வேண்டும்.

லைசென்ஸ் பற்றிச் சொல்வது சட்டத்தின் 26ஆம் பிரிவு. தகுந்த லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 300 முதல் 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஓட்டியவரோடு இது நிற்பதில்லை. லைசென்ஸ் இல்லாதவரை வேலைக்கு வைத்து ஓட்டச் சொன்னவரும், ஓட்ட விட்டவரும் இதே பிரிவில் மாட்டுவார்கள். ஆகவே "நீ சும்மா ஓட்டு, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்பவரிடம், அவர் பெயரும் அதில் வரும் என்று மரியாதையாக நினைவூட்டலாம். தம்பிகள் இதைச் சொல்லத் தயங்குவார்கள் என்று தெரியும். தோட்டத் தொழிற்சங்கப் பிரதிநிதி வழியாகச் சொன்னால் கொஞ்சம் எளிது.

மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. கூட்டரசுச் சாலையில் கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. டிராக்டர் 25ல் போகிறது. இருவருக்கும் இடையே 100 மீட்டர் இருந்தால், அது ஐந்தரை வினாடியில் தீர்ந்துவிடும். இருட்டில், வளைவில், மழையில் காரோட்டிக்கு அந்த ஐந்தரை வினாடியும் முழுதாகக் கிடைக்காது. டிரெய்லரின் பின்பக்கம் இரண்டு சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும். ஓலையும் சேறும் அவற்றை மறைக்காமல் தினமும் துடைக்க வேண்டும். மலிவாக முடிகிற வேலை இது. பல இடங்களில் நடக்காததும் இதுதான்.

டோல் நெடுஞ்சாலைக்குள் டிராக்டரைக் கொண்டு போகும் யோசனையே வேண்டாம். நுழைவாயிலில் என்னென்ன வண்டிக்குத் தடை என்று படம் போட்ட பலகை இருக்கும். அடுத்த ஊர் தோட்டத்துக்கு டிராக்டர் போக வேண்டுமென்றால் லோரியில் ஏற்றிக் கொண்டு போவதே வழி.

2.5 மீட்டர்

ஏற்றிக் கொண்டு போனால் பிரச்சினை தீர்ந்ததா? சிறிய டிராக்டர் என்றால் பெரும்பாலும் தீரும். எக்ஸ்கவேட்டர் என்றால் அங்கேதான் தொடங்கும்.

வண்டிகளின் அமைப்பும் பயன்பாடும் பற்றிய 1959ஆம் ஆண்டு விதிகள்தான் இன்றும் அளவுகோல். அவற்றின்படி வண்டியின் அகலம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது. நம் ஊரில் கால்வாய் வெட்டவும் மறுநடவுக்கு மரம் சாய்க்கவும் வரும் சாதாரண 20 டன் எக்ஸ்கவேட்டரின் சங்கிலிச் சக்கர அகலம் சுமார் 2.8 மீட்டர். தினமும் பார்ப்பதால் அது நமக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. ஆனால் லோ-லோடர் மேல் ஏறி நின்றதும் அது அளவு மீறிய சுமை ஆகிவிடுகிறது. உயரத்தையும் பாருங்கள். கையை மடக்கிய நிலையில் இயந்திரம் சுமார் 3 மீட்டர், லோ-லோடரின் தளம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர். ஆக 4 மீட்டர். கையைச் சரியாக மடக்காமல் விட்டால் இன்னும் ஏறும். பழைய ரயில் பாலத்துக்கு அடியிலும், பாதசாரி மேம்பாலத்திலும், கம்பத்துத் தாழ்ந்த கம்பிகளிலும் போய் மாட்டுவது இப்படித்தான்.

நெல் அறுவடை இயந்திரத்தின் கதையும் இதேதான். செகிஞ்சானிலும் கெடாவின் மூடா வட்டாரத்திலும் பருவத்தில் வயல் விட்டு வயல் மாறிக்கொண்டே இருக்கும் வண்டி அது. முன்னால் இருக்கும் வெட்டும் பகுதி, 3.5 மீட்டர் அகலமுள்ள சாலைத் தடத்தை விட அகலமாக இருக்கும். அதைக் கழற்றித் தனியாக ஏற்றினால் அகலம் கணிசமாகக் குறைந்துவிடும். கழற்ற நேரமாகும் என்று அப்படியே ஏற்றுகிறவர்கள் எதிரே வரும் மோட்டார் சைக்கிளுக்கு எந்த இடத்தை விடுகிறார்கள்?

அளவு மீறிய சுமைக்கு முன்கூட்டியே சிறப்பு அனுமதி வேண்டும். அதைக் கொடுப்பது ஜே.பி.ஜே. வண்டியின் நீள அகல உயரம், எத்தனை அச்சு, ஒவ்வோர் அச்சிலும் எவ்வளவு எடை, எந்த வழி, எந்த நாள் என்று கேட்பார்கள். எடை அதிகமென்றால் பொதுப்பணி இலாகாவான ஜே.கே.ஆரின் கருத்தும் தேவைப்படும். வழியில் உள்ள பாலங்கள் தாங்குமா என்று பார்ப்பது அவர்கள் வேலை. டோல் நெடுஞ்சாலை வழியாகப் போவதென்றால் மலேசிய நெடுஞ்சாலை வாரியமும் அந்தச் சாலையை நடத்தும் நிறுவனமும் சம்மதிக்க வேண்டும். மிகப் பெரிய சுமைக்குப் போலீஸ் துணை வரும், நள்ளிரவில்தான் நகர விடுவார்கள். மின் நிலையத்துக்குப் போகும் மின்மாற்றியை ஊர்வலம்போல ஆமை வேகத்தில் இழுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒரு பயணத்துக்குப் பின்னால் இத்தனை காகிதம் இருக்கிறது.

சிவப்புத் துணி பற்றியும் சொல்ல வேண்டும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமையின் நுனியில் பகலில் சிவப்புத் துணியும் இரவில் சிவப்பு விளக்கும் கட்டுவது நல்ல பழக்கம். ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே. துணி கட்டிவிட்டதால் அனுமதி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

எடையும் காகிதமும்

லோரியின் பக்கத்தில் இரண்டு எடைகள் எழுதியிருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை, மற்றொன்று சுமையோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை. மலாய்ச் சுருக்கத்தில் இரண்டுக்கும் நடு எழுத்துதான் வித்தியாசம். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி.டி.எம்.' ஆகிவிடும்! ஆகவே 'தன்பா முவாத்தான்' என்றால் சுமையில்லாமல், 'டெங்ஙான் முவாத்தான்' என்றால் சுமையோடு என்று நினைவில் வையுங்கள். முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம் தெரியும். அதற்கு மேல் ஒரு குலையும் ஏற்ற முடியாது.

அச்சின் மேல் எடை இரு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் இரு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்பது சாலைப் பொறியியலில் பழைய கணக்கு. தோட்டத்து வாசல் பக்கம் தார் ஏன் எப்போதும் குழியும் குன்றுமாக இருக்கிறது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. பிரேக்கும் ஸ்டீரிங்கும் படும் பாடு தனி. 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி கலகத் தடுப்புப் போலீஸ் வண்டியோடு மோதியதில் 9 போலீஸ்காரர்கள் உயிரிழந்தார்கள். அந்த லோரியில் அளவுக்கு மிஞ்சிய பாரம் இருந்தது விசாரணையில் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் கனரக வண்டிகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கப்பட்டது.

கவனக்குறைவோடு அல்லாமல் அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தால் 41ஆம் பிரிவு பாயும். 2020ல் திருத்தப்பட்ட பிறகு அதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. பாரத்தை ஏற்றச் சொன்னவர் வேறு ஒருவராக இருந்தாலும், ஸ்டீரிங்கைப் பிடித்தவர்தான் முதலில் நீதிமன்றக் கூண்டில் நிற்பார்.

சிறு குத்தகைக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், பாரவண்டி உரிமம். தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் 'ஏ' உரிமம் கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்ற, 'சி' உரிமம் சொந்தச் சரக்கை மட்டும் ஏற்ற. தீபகற்பத்தில் இவற்றைக் கொடுப்பது தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அப்பாட். உங்களிடம் 'சி' இருக்கிறது, பக்கத்துச் சிறுதோட்டக்காரர் "நம்ம குலையையும் அப்படியே ஏத்திக்கோ அண்ணே, காசு தர்றேன்" என்கிறார். அந்தக் காசை வாங்கியதும் உரிமத்தை மீறியவர் ஆகிவிடுகிறீர்கள். அதுபோல வணிக வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை உண்டு. நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டுக் காலங்களில் கனரக வண்டிகளுக்குச் சில நாள் சாலைத் தடை அறிவிப்பார்கள். அந்த வாரத்தில் இயந்திரம் மாற்றுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

கோயில் கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்துத் திருவிழாவில் ரதத்தை டிராக்டர்தான் இழுக்கும். ஊர்வலத்துக்குப் போலீஸ் பெர்மிட் வாங்குவதை யாரும் மறப்பதில்லை. இழுக்கிற டிராக்டரின் சாலை வரியையும், ஓட்டும் தம்பியின் லைசென்ஸையும், ரதத்தின் உச்சிக்கும் மின்கம்பிக்கும் உள்ள இடைவெளியையும் பார்க்கத்தான் மறக்கிறோம். பின்னால் டிரெய்லரில் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வது நம் சின்ன வயதில் சாதாரணம். நானும் அப்படிப் போனவன்தான். பாரவண்டி ஆள் ஏற்றும் வண்டியல்ல. பிள்ளைகளுக்கு ஒரு வேன் பிடித்துவிடுங்கள்.

லோ-லோடரை வாடகைக்கு எடுப்பவர்கள், இயந்திரத்தை ஏற்றும் முன் வண்டிக்காரரிடம் நான்கு காகிதங்களைக் கேட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: 'ஏ' உரிமம், ஓட்டுநரின் 'இ' பிரிவு ஜி.டி.எல்., காப்புறுதி, அளவு மீறிய சுமை என்றால் ஜே.பி.ஜே. அனுமதி. அனுமதியில் எழுதியிருக்கும் தேதியும் வழியும் நீங்கள் போகப் போகும் தேதியும் வழியுமா என்றும் பாருங்கள். போன மாதத்து அனுமதியின் நகலைக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.