ஆவடி டாங்க்கும் மூட்டுவலியும்

ஜீப் வச்சிருக்கிற நண்பர்கள் ரெண்டு பேர் சேர்ந்தா பேச்சு கடைசியில சஸ்பென்ஷன்லதான் வந்து நிக்கும். புஷ் தேஞ்சு போச்சு, பட்டை உட்கார்ந்துடுச்சு, ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசியுது... நான் இருக்கிறது செம்பரம்பாக்கம். ஏரிக்கரையிலிருந்து பூந்தமல்லி வழியா போனா ஆவடி. நாட்டிலேயே ஆகக் கனமான 'ஆஃப்-ரோடு' வண்டி தயாராகிற ஊரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஜீப் கதை எதுக்கு? டாங்க் கதையே பேசுவோம். பொட்டி தட்டுறவனுக்கு டாங்க்கைப் பத்தி என்ன தெரியும்னு கேட்காதீங்க, படிச்சது மெக்கானிக்கல் :)

முதல்ல ஒரு வதந்தியைத் தீர்த்துடுவோம். 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதோட சுருக்கம்தான் ஆவடின்னு இன்னமும் மின்னஞ்சல் சுத்துது. 1955-ல் காங்கிரஸ் மாநாடு நடந்தப்பவே ஊர் பேர் ஆவடிதான். டாங்க் செய்ய விக்கர்ஸ் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டதே 1961-ல். சுருக்கமெல்லாம் பிற்பாடு யாரோ வேலையில்லாம உட்கார்ந்து கட்டினது.

அந்த ஒப்பந்தத்தில் பிறந்ததுதான் விஜயந்தா. 1965-ல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் வண்டி வெளியே வந்தது. 39 டன். பக்கத்துக்கு ஆறு சக்கரம். சஸ்பென்ஷன், டார்ஷன் பார். பேரைக் கேட்டு பயப்படாதீங்க. ஈரத்துணியைப் பிழியுறோம் இல்லையா, அதே முறுக்குதான். வண்டியின் அடித்தளத்தில் குறுக்கே ஒரு எஃகுத் தண்டு. ஒரு முனை எதிர்ப்பக்க உடம்பில் இறுக்கி இருக்கும், மறுமுனையில் ஒரு கை, அந்தக் கையில் சக்கரம். சக்கரம் மேட்டில் ஏறினா தண்டு முறுக்கிக்கும், இறங்கினா பழைய நிலைக்கு வரும். 2010-ல் வந்த மஹிந்திரா தார் வண்டியின் முன்பக்கமும் இதே தத்துவம்தான். ஆவடியில் பின்னாடி தயாரான டி-72, டி-90 எல்லாத்துக்கும் இதே தண்டுதான். கசிய எண்ணெய் இல்லை, வெடிக்க காற்று இல்லை. பாலைவனத்துல ஒரு சிப்பாய்க்கு இதைவிட நிம்மதி வேற என்ன?

அப்புறம் ஏன் மாத்தினாங்க?

1974-ல் அர்ஜுன் திட்டத்துக்கு அனுமதி கிடைச்சப்ப ராணுவம் மனசுல வச்சிருந்தது 40 டன் கிட்ட ஒரு வண்டி. பீரங்கி 120 மி.மீ ஆச்சு, கவசம் தடிச்சது, எடை 58.5 டன்ல போய் நின்னது. கரடுமுரடான நிலத்தில் டாங்க்கோட வேகத்தை முடிவு பண்றது எஞ்சின் மட்டும் இல்லை, உள்ள இருக்கிறவங்க முதுகெலும்பு எவ்வளவு குலுக்கலைத் தாங்கும் என்பதும்தான். ஓடிக்கிட்டே சுடணும்னா அது இன்னும் முக்கியம். தண்டுகளோ அடித்தளத்தில் இடத்தைத் தின்னும், அதனால வண்டி உயரும். உயர்ந்தா கவசமும் கூடும், எடையும் கூடும்.

ஆவடியில் இருக்கிற போர் வாகன ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம் (சி.வி.ஆர்.டி.இ) தேர்ந்தெடுத்தது ஹைட்ரோ நியூமேட்டிக். சக்கரத்தின் கை ஒரு பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் அடைச்சு வச்ச நைட்ரஜனை அழுத்தும். வாயுவை அமுக்க அமுக்க எதிர்ப்பு மளமளன்னு ஏறும். சின்ன மேட்டுக்கு மெத்து, பெரிய பள்ளத்துக்கு முரட்டுப் பிடி. எண்ணெய் சின்ன ஓட்டை வழியா போறதால ஷாக் அப்சார்பரும் உள்ளேயே அடக்கம். 1955-ல் சித்ரோன் டிஎஸ் காரில் உலகம் வியந்த அதே ஐடியா. ஜப்பானின் டைப் 74, பிரிட்டனின் சேலஞ்சர் டாங்க்குகளும் இந்த வழியில் போனவைதான். அமெரிக்காவின் ஆப்ராம்ஸும் ஜெர்மனியின் லெப்பர்ட் 2-உம் தண்டையே நம்பினதையும் சொல்லணும், இல்லன்னா நியாயமா இருக்காது.

பிரச்சினை எங்கேன்னா சூட்டில். குலுக்கலை அடக்கினா அந்த சக்தி எங்கயாவது போகணும். அது எண்ணெயில் வெப்பமா இறங்கும். வெளியே ராஜஸ்தான் வெயில், உள்ளே கொதிக்கிற எண்ணெய். நைட்ரஜன் அழுத்தம் ஏறும், சீல் தளரும், கசியும். கசிஞ்சா அந்த சக்கரம் சும்மா தொங்கும், பக்கத்து சக்கரம் சுமையை வாங்கும், அப்புறம் அதுவும் போகும்.

இது வெறும் தியரி இல்லை. 2000-ல் ராணுவம் 124 அர்ஜுனுக்கு ஆர்டர் கொடுத்தது. 2007-08-ல் நடந்த சோதனைகளில் சொல்லப்பட்ட குறைகளில் எஞ்சின் தொகுதிப் பழுது, துல்லியக் குறைவு இதோட ஹைட்ரோ நியூமேட்டிக் யூனிட் பழுதும் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு வரைக்கும் போன விஷயம். பத்திரிகைகள் கிழிச்சுத் தொங்கவிட்டன. 'வெள்ளை யானை' பட்டம் கிடைச்சது.

கிண்டலில் பாதி நியாயம்தான். 30 வருஷத்துக்கு மேல ஆன திட்டத்துல சீல் கசியுதுன்னா யாருக்குத்தான் கோபம் வராது? ஓட்டப்போறவன் உயிர் அதுல இருக்கு. ஆனா 'பேசாம தண்டையே போட்டிருக்கலாம்'னு சொன்னதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு சின்னக் கணக்கு. விஜயந்தா 39 டன், 12 சக்கரம்: சக்கரத்துக்கு சுமார் 3.25 டன். அர்ஜுனுக்கு பக்கத்துக்கு ஏழா 14 சக்கரம்: சுமார் 4.2 டன். இந்தச் சுமையோட ஓடிக்கிட்டே குறி வைக்கணும்னு கேட்டது ராணுவம்தானே? கேள்வி கஷ்டமானா பதிலும் கஷ்டமாத்தான் இருக்கும்.

2010 மார்ச்சில் ராஜஸ்தானில் டி-90 கூட நேருக்கு நேர் சோதனை. அதே வருஷம் இன்னும் 124 வண்டிக்கு முடிவாச்சு. ஆனா அது வந்தது வேற உருவத்தில், வேற எண்ணிக்கையில்: மார்க் 1ஏ, 68 டன். இப்ப சக்கரத்துக்கு 4.9 டன் கிட்ட! அப்பவும் தண்டுக்குத் திரும்பலை. அதே எண்ணெய்-வாயு முறையைத்தான் மறுபடி வடிவமைச்சு, சக்கர அமைப்பையும் புதுசாக்கினாங்க.

2021 பிப்ரவரி 14, சென்னையில் பிரதமர் அந்த டாங்க்கை ராணுவத் தளபதியிடம் ஒப்படைச்சார். (காதலர் தினத்துல 68 டன் பரிசு!) செப்டம்பர் 23-ல் 118 வண்டிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்கு வந்தது. எட்டாவது நாள், அக்டோபர் 1-ஆம் தேதி, படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைச்சுட்டாங்க. ஆர்டர் வாங்கின தொழிற்சாலை, ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் என்ற புதுக் கம்பெனிக்குள்ள போயிடுச்சு. அந்தக் கம்பெனிக்குத் தலைமையகமும் ஆவடியேதான்.