எந்த வருஷத்துல நின்னு பார்க்கிறீங்க? டெர்பி கவுண்டி, 1973

கால்பந்து பார்க்கிற எந்த நண்பர்கள் கூட்டத்தை எடுத்தாலும் ஒரு சண்டை மட்டும் ஓயாது: "மேனேஜரைத் தூக்கினது சரியா, தப்பா?" மூணு மேட்ச் தோத்தா "இவரை அனுப்புங்கப்பா"ன்னு கத்துறோம். அனுப்பின ஆறு மாசத்துல "அவரையே வெச்சிருந்திருக்கலாம்"னு புலம்புறோம். பல நேரம் ரெண்டையும் சொல்றது ஒரே ஆள்தான்.

அந்தச் சண்டையோட வரலாற்றுல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுற ஒரு கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். இடம், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் டெர்பி. ரயிலும் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினும் செய்கிற தொழிலாளர் ஊர். காலம், 1973 அக்டோபர். ஐம்பது வருஷம் தாண்டியும் அந்த ஊரில் அந்த விவாதம் முடியவில்லை. முடியாததற்கு ஒரு நல்ல காரணம் இருக்கு. அதுக்கு வர்றேன்.

இரண்டு பேர், ஒரு ஊர்

பிரையன் கிளஃப். மிடில்ஸ்பரோவில் பிறந்தவர். மிடில்ஸ்பரோ, சண்டர்லாந்து அணிகளுக்காக 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் அடித்த ஸ்ட்ரைக்கர். 1962 டிசம்பர் 26 அன்று ஒரு மோதலில் முழங்கால் போனது. அத்தோடு ஆட்டக்காரர் வாழ்க்கையும் ஏறக்குறைய முடிந்தது. 30 வயதில் ஹார்ட்டில்பூல்ஸ் என்ற சின்னக் கிளப்புக்கு மேனேஜர் ஆனார். கூடவே பழைய நண்பர், கோல்கீப்பராக இருந்த பீட்டர் டெய்லரை உதவியாளராகக் கூட்டிக்கொண்டார். டெய்லர் ஆளைக் கண்டுபிடிப்பார், கிளஃப் அந்த ஆளைச் சாம்பியனாக்குவார். அதுதான் அவங்க கூட்டணி.

1967ல் ரெண்டு பேரும் டெர்பி கவுண்டிக்கு வந்தபோது கிளப் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. முதல் சீசன் முடிவில் 18வது இடம். அதாவது, வந்தபோது இருந்ததைவிட ஒரு படி கீழே. இன்னைக்கா இருந்தா அங்கேயே ஆளை மாத்தியிருப்பாங்க. டெர்பி போர்டு காத்திருந்தது. 1969ல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். 1972ல் முதல் டிவிஷன் சாம்பியன். கிளப் தொடங்கி 88 வருஷத்தில் முதல் லீக் பட்டம். அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் பென்ஃபிகாவை வீழ்த்தி, அரையிறுதி வரை போய், யுவென்டஸிடம் தோற்றார்கள்.

இப்போ மறுபக்கம். சேர்மன் சாம் லாங்சன். லாரிப் போக்குவரத்துத் தொழிலில் சம்பாதித்த உள்ளூர்ப் பணக்காரர். ஆரம்பத்தில் கிளஃபைத் தன் மகன் மாதிரி நடத்தினவர். இதை மறந்துடாதீங்க. வெறுப்பில் தொடங்கின உறவு இல்லை இது.

போர்டு தரப்பு

எப்பவுமே இந்தக் கதையில் போர்டுதான் வில்லன். திரைப்படத்திலும் அப்படித்தான். அதனால முதல்ல அவங்க தரப்பைக் கேட்போம்.

1970ல் டெர்பி லீக்கில் நாலாவது இடம் பிடித்தும் ஐரோப்பியப் போட்டிக்குப் போக முடியவில்லை. கிளப் நிர்வாகத்தில் கணக்கு வழக்கு முறைகேடுகள் இருந்ததாகச் சொல்லி 10,000 பவுண்டு அபராதம் போட்டு, ஐரோப்பாவுக்கும் தடை விதித்தார்கள். அதிலிருந்து டைரக்டர்களுக்கு அதிகாரிகள் என்றாலே பயம். இந்தப் பக்கம் கிளஃப், 1972ல் டேவிட் நிஷ் என்ற டிஃபெண்டரை 225,000 பவுண்டுக்கு வாங்கினார். அன்றைக்கு அது பிரிட்டிஷ் சாதனைத் தொகை. போர்டிடம் கேட்கவே இல்லை. வாங்கிட்டுத்தான் சொன்னார்.

அதோட டிவி. கிளஃப் ஐடிவியில் விமர்சகர், செய்தித்தாளில் பத்தி எழுதுபவர். வாயைத் திறந்தால் தலைப்புச் செய்தி. 1973 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு இதழில் லீட்ஸ் யுனைடெட்டைக் கிழித்து எழுதினார்: முரட்டு ஆட்டம் ஆடும் அவர்களை இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ள வேண்டும் என்றார். கால்பந்துச் சங்கம் அவர் மேல் குற்றச்சாட்டு பதிந்தது. பேசுவதை நிறுத்து என்று லாங்சன் சொன்னார். நிறுத்தவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். அந்தக் காலத்து ஆங்கிலக் கால்பந்து விதிப்படி டைரக்டர்களுக்குச் சம்பளம் கிடையாது. அப்போ ஒரு லாரி முதலாளி எதுக்குக் கிளப்பில் பணமும் நேரமும் போடுகிறார்? மரியாதைக்கு. ஊரில் நடந்து போனால் "இவர்தான் டெர்பி சேர்மன்" என்று நாலு பேர் சொல்வதற்கு. டிவி வந்த பிறகு அந்த மரியாதை முழுக்க மேனேஜருக்குப் போயிடுச்சு. கடைத்தெருவில் ஜனங்க கிளஃபைப் பார்த்துத்தான் கையசைச்சாங்க. ஒரே உறையில் இரண்டு கத்தி. பாதிச் சண்டை, யாருக்கு இந்த ஊர் சொந்தம் என்பதுதான்.

மூன்று நாள்

1973 அக்டோபர் 13, சனிக்கிழமை. ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை டெர்பி 1-0 என்று வென்றது. அதாவது, அணி தோற்றுக்கொண்டிருந்த நேரமே இல்லை இது. ஆனால் ஆட்டம் முடிந்ததும் ரெண்டு தகராறு. யுனைடெட் டைரக்டர்களைப் பார்த்துக் கிளஃப் விரலால் அசிங்கமாகச் சைகை காட்டினார் என்று லாங்சன் குற்றம்சாட்டி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கிளஃப் மறுத்தார். ஜாக் கிர்க்லண்ட் என்ற டைரக்டர், பீட்டர் டெய்லரை விரலசைத்துக் கூப்பிட்டு "உன் வேலைதான் என்ன?" என்ற தோரணையில் விசாரித்தார். ஐரோப்பிய அரையிறுதி வரை போன கூட்டணியின் பாதி ஆளிடம் இந்தக் கேள்வி.

திங்கட்கிழமை இருவரும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். மறுநாள் போர்டு அதை ஏற்றுக்கொண்டது. சட்டப்படி பார்த்தா யாரும் யாரையும் தூக்கவில்லை. ஆனா ஏற்காமல் இருக்கும் உரிமை போர்டுக்கு இருந்தது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். அதனால ஊர் இதை ராஜினாமாவாகப் பார்க்கவில்லை.

அடுத்து நடந்தது ஒரு கிளர்ச்சி. வீரர்களே கையெழுத்துப் போட்டு, இருவரையும் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். ரசிகர்கள் எதிர்ப்பு இயக்கம் என்றே ஒன்றைத் தொடங்கிக் கூட்டம் போட்டார்கள். அடுத்த சனிக்கிழமை, லெஸ்டருக்கு எதிரான சொந்த மைதான ஆட்டத்தில் கிளஃப் திடீரென்று கேலரியில் தோன்றிக் கையசைத்தார். மைதானமே எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில், டிவி பேட்டிக்காக லண்டன் கிளம்பிவிட்டார்.

இவ்வளவு பேர் கத்தியும் எதுவும் மாறவில்லை. ஏன்? பங்குகள் சில பேர் கையில். டிக்கெட் வாங்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு ஓட்டுகூடக் கிடையாது. 'நம்ம கிளப்' என்று சொல்றோமே, அந்த 'நம்ம'வுக்குச் சட்டத்தில் இடமே இல்லைன்னு டெர்பி ரசிகர்கள் அந்த வாரம்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

நடுவில் மாட்டிக்கொண்டவர்

இந்தக் கதையில் எல்லாரும் மறந்துவிடும் ஆள் டேவ் மக்காய். எனக்கு அவர் மேலதான் அக்கறை அதிகம்.

ஸ்காட்லாந்துக்காரர். 1961ல் லீக், எஃப்ஏ கப் ரெண்டையும் வென்ற டாட்டனம் அணியின் இதயம். 1968ல் அவரை வெறும் 5,000 பவுண்டுக்கு டெர்பிக்குக் கொண்டுவந்து கேப்டன் ஆக்கியதே கிளஃப்தான். அடுத்த சீசனில் அவர் தலைமையில்தான் டெர்பி முதல் டிவிஷனுக்கு ஏறியது. 1973ல் அவர் பக்கத்து ஊரான நாட்டிங்ஹாமில் ஃபாரஸ்ட் மேனேஜர். டெர்பி போர்டு அவரைக் கூப்பிட்டது. ரசிகர்களால் வெறுக்க முடியாத ஒரே ஆள் அவர். அந்த வகையில் புத்திசாலித்தனமான முடிவுதான்.

ஆனா அவர் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. உங்களைக் கொண்டாடின ஊர். அங்கே உங்களைக் கூட்டி வந்தவரின் நாற்காலியில் நீங்க உட்காரணும். டிரெஸ்ஸிங் ரூமில் இருப்பவங்க, நீங்க வர வேண்டாம்னு நினைக்கிற உங்க பழைய சகாக்கள். ஆரம்ப வாரங்களில் முடிவுகளும் மோசம். வீரர்கள் ஸ்ட்ரைக் செய்வோம் என்று மிரட்டினார்கள். மக்காய் அசரவில்லை. நான்தான் மேனேஜர், ஆடுறவங்க ஆடுங்க என்ற ரகம்.

அந்த சீசனில் டெர்பி மூன்றாவது இடம். 1974-75ல் சாம்பியன். 53 புள்ளிகள், லிவர்பூலையும் இப்ஸ்விச்சையும்விட ரெண்டு அதிகம்.

இப்போ அந்தப் பட்டம் யாருடையது? டெர்பிக்காரர்கள் இன்னும் சண்டை போடுற இடம் இது. காலின் டாட், ஆர்ச்சி ஜெமில் எல்லாம் கிளஃப் கட்டின அணி என்பார்கள் ஒரு தரப்பு. அது உண்மை. ஆனால் புரூஸ் ரியாக்கையும் பிரான்சிஸ் லீயையும் கொண்டுவந்தது மக்காய். கேப்டன் ராய் மெக்ஃபார்லண்ட் காயத்தால் சீசனின் பெரும்பகுதி ஆடவே இல்லை. மாற்று ஆட்டக்காரராக இருந்த பீட்டர் டேனியலை வைத்துச் சமாளித்தது மக்காய். அதுவும் உண்மை.

எங்கே நின்னு பார்க்கிறோம்

இப்போ அந்தக் கேள்விக்கு வருவோம். போர்டு செய்தது சரியா, தப்பா?

1975 மே மாசத்துல நின்னு பாருங்க. போர்டு சரி. டெர்பி சாம்பியன். கிளஃப்போ பிரைட்டனில் அடி வாங்கி, பிறகு தான் திட்டித் தீர்த்த அதே லீட்ஸுக்கே மேனேஜராகப் போய், 44 நாளில் துரத்தப்பட்டவர். லீக்கில் ஆறு ஆட்டம், ஒரே ஒரு வெற்றி. அவரைத் தூக்கிய லீட்ஸ் அந்த சீசனிலேயே ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி வரை போனது. ஆக, அன்றைய தேதியில் கிளஃப்பை இழந்த ரெண்டு போர்டுமே ஜெயித்த மாதிரிதான் தெரியும்.

1980ல் நின்னு பாருங்க. மக்காய் விட்டுப் போன அதே ஃபாரஸ்டுக்கு 1975 ஜனவரியில் கிளஃப் வந்திருந்தார். அடுத்த ஆண்டு டெய்லரும் சேர்ந்தார். 1977ல் முதல் டிவிஷன், 1978ல் லீக் சாம்பியன், 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பை. டெர்பியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில். அதே 1979-80 சீசனில் டெர்பி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 1984ல், கிளப்பின் நூறாவது வருஷத்தில், மூன்றாம் டிவிஷன். கடனில் மூழ்கி, கிளப் மூடப்படும் நிலை. இப்போ போர்டு செய்தது வரலாற்றுத் தவறு.

ரெண்டு தீர்ப்புமே ஸ்கோர் போர்டைப் பார்த்து எழுதினது. அதனாலதான் இந்தச் சண்டை முடியறதில்லை. ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடிச்ச வருஷத்துல நின்னு பேசுறாங்க.

அப்போ எதை வெச்சு எடை போடுறது? முடிவு எடுத்த அன்னைக்கு அவங்க எதைப் பார்த்து எடுத்தாங்க என்பதை வெச்சுதான். 1973ல் டெர்பி போர்டு அறையில் பேசப்பட்டது ஒரு சைகை, ஒரு பத்தி, ஒரு டிவி நிகழ்ச்சி. அணி நல்லா ஆடுதா, அடுத்த மூணு வருஷத்துக்கு என்ன திட்டம் என்ற கேள்வி அந்தச் சண்டையின் மையத்தில் இல்லை. கிளஃப்பும் லேசுப்பட்ட ஆள் இல்லை; கோபத்தில் கடிதம் கொடுத்ததற்குப் பிற்காலத்தில் வருந்தியிருக்கிறார்.

இதுக்கு என் சாட்சி மக்காய்தான். பட்டம் வென்று ஒன்றரை வருஷத்தில், 1976 நவம்பரில், அவர் வேலையும் போனது. அடுத்து காலின் மர்ஃபி, அடுத்து டாமி டாக்கர்ட்டி என்று ஆள் மாறிக்கொண்டே போனார்கள். நடுவில் 1977 பிப்ரவரியில் கிளஃப்பையே திரும்பக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. ஒரு மேனேஜரை இழந்ததால் மட்டும் டெர்பி சரியவில்லை. கோபம் வந்தா ஆளை மாத்தலாம் என்று ஒரு தடவை பழகின அறை, அதையே திரும்பத் திரும்பச் செய்தது. 1973ன் நிஜமான விலை அதுதான்னு நான் நினைக்கிறேன்.

இன்னைக்கு டெர்பியையும் நாட்டிங்ஹாமையும் இணைக்கிற ஏ52 சாலைக்குப் பேர் 'பிரையன் கிளஃப் வே'. டெர்பி மைதானத்துக்கு வெளியே கிளஃப்பும் டெய்லரும் சேர்ந்து நிற்கும் சிலை இருக்கு. ரசிகர்கள் அந்த விவாதத்தில் ஜெயிச்சுட்டாங்க. ஆனா ஜெயிக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு.

அடுத்த தடவை உங்க கிளப் ஒருத்தரை அனுப்பும்போது, ரிசல்ட்டைப் பார்த்து ஆறு மாசம் கழிச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க. அன்னைக்கே கேளுங்க: இந்த முடிவு ஆட்டத்துக்காகவா, இல்லை யாரோ ஒருத்தரோட கோபத்துக்காகவா? பதிலை எழுதி வெச்சுக்கிட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.