கப்பல் முகவரின் சுங்கப் பொறுப்பு

கப்பல் முகவரின் சுங்கப் பொறுப்பு என்பது, கப்பலில் வந்த சரக்கைப் பற்றிச் சுங்கத்துறையிடம் அளிக்கப்படும் சரக்குப் பட்டியலில் பிழையோ குறைவோ காணப்பட்டால், அதற்குத் துறைமுகத்திலுள்ள கப்பல் முகவர் சட்டப்படி விடை கூற வேண்டிய கடமையைக் குறிக்கும். இந்தியாவில் இப்பொறுப்பு 1962 ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தால் வரையறுக்கப்படுகிறது. இச்சட்டம் 1963 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் 1878 ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம் நடப்பில் இருந்தது.

முகவரும் தரகரும்

கப்பல் முகவரும் சுங்கத் தரகரும் ஒருவரே என்று கருதுவது பரவலான தவறாகும். சுசீந்திரம், நாகர்கோவில் உள்ளிட்ட நாஞ்சில் நாட்டில் பெருந்துறைமுகம் எதுவும் இல்லை. குளச்சல் திருவிதாங்கூர்க் காலத்துப் பழைய துறைமுக ஊர். எனவே குமரி மாவட்ட முந்திரி ஆலைக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வாங்கப்படும் பச்சை முந்திரிக்கொட்டை தூத்துக்குடியில் இறங்கி, சாலை வழியே வந்து சேர்வதாகக் கொள்வோம். அந்த ஆலை அதிபருக்காக 'பில் ஆப் என்ட்ரி' எனப்படும் இறக்குமதி ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் சுங்கத் தரகர். அதன் உண்மைத்தன்மைக்கு இறக்குமதியாளரே உறுதி கூறுகிறார். கப்பல் முகவரோ கப்பல் தலைவரின் சார்பாளர். கப்பலில் உள்ள சரக்கு முழுவதையும் காட்டும் பட்டியலைத் தருவது அவர் வேலை. ஒரே முந்திரி மூட்டையைப் பற்றி இவ்வாறு இருவேறு தரப்பினர் சுங்கத்துறைக்கு எழுதித் தருகின்றனர். இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் வழக்கு தொடங்குகிறது.

பொறுப்பின் அடிப்படை

சட்டத்தின் 30 ஆவது பிரிவின்படி, பட்டியலைத் தரும் கடமை கப்பலின் பொறுப்பாளருக்கு உரியது. பட்டியலில் கண்டவை உண்மை என்று அவர் உறுதியும் அளிக்க வேண்டும். ஆனால் பிழை வெளிப்படும் நேரத்தில் கப்பல் தலைவர் அடுத்த துறைமுகத்தில் இருப்பார். இந்த இடைவெளியை 148 ஆவது பிரிவு நிரப்புகிறது. கப்பல் பொறுப்பாளரால் அமர்த்தப்பட்ட முகவரும், தம்மை முகவர் என்று கூறிச் சுங்க அதிகாரியால் ஏற்கப்பட்டவரும், அந்த விவகாரத்தில் பொறுப்பாளரின் கடமைகளுக்கும் தண்டங்களுக்கும் உட்பட்டவர் ஆவர். முகவருக்குக் கிடைப்பது சிறு கட்டணமே. தலையில் விழுவதோ முழுத் தண்டம்.

இது வானூர்திகளுக்கும் பொருந்தும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் வழக்கில் 2001 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், சரக்குக் குறைவுக்கு விமான நிறுவனத்தின் மீது தண்டம் விதித்தது செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

தண்டங்கள்

எல்லாப் பிழையும் குற்றம் ஆகாது. ஏமாற்றும் நோக்கம் இல்லை என அதிகாரி நிறைவடைந்தால், 30(3) பிரிவின்படி பட்டியலைத் திருத்த அனுமதிக்கலாம். தக்க காரணமின்றிப் பட்டியல் தாமதமானால் 50,000 ரூபாய் வரை தண்டம் உண்டு. பட்டியலில் இடம்பெறவேண்டிய வரிக்குரிய அல்லது தடைசெய்யப்பட்ட பொருள் விடுபட்டிருந்தால், 111 ஆவது பிரிவின்படி அதனைப் பறிமுதல் செய்யலாம். பட்டியலில் கண்ட சரக்கு இறங்காமலோ குறைந்தோ போய், தக்க விளக்கமும் தரப்படாவிட்டால், 116 ஆவது பிரிவு அச்சரக்குக்கு உரிய வரியின் இரு மடங்கு வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. பொய் என அறிந்தே ஆவணம் அளிப்பவருக்கு 2006 இல் சேர்க்கப்பட்ட 114கக பிரிவு பொருந்தும். இதில் தண்டம் பொருளின் மதிப்பில் ஐந்து மடங்கு வரை செல்லலாம்.

பெட்டகச் சிக்கல்

சட்டம் இயற்றப்பட்ட காலத்தில் மூட்டைகள் ஒவ்வொன்றாக எண்ணி இறக்கப்பட்டன. குறைவு கண்ணுக்குத் தெரிந்தது. இந்தியாவுக்குச் சரக்குப் பெட்டகத்துடன் முதல் கப்பல் கொச்சிக்கு வந்தது 1973 நவம்பரில்தான். அனுப்புநரே நிரப்பி முத்திரையிட்ட பெட்டகத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கப்பல் தலைவரும் காண்பதில்லை, முகவரும் காண்பதில்லை. சரக்கேற்றச் சீட்டிலும் 'உள்ளிருப்பதாகக் கூறப்படுவது' என்றே எழுதப்படுகிறது. முத்திரை குலையாமல் பெட்டகம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் உட்குறைவுக்கு முகவரைப் பொறுப்பாக்க இயலாது எனக் கூறும் தீர்ப்புகள் உள்ளன. முத்திரை எண் மாறியிருந்தாலோ உடைந்திருந்தாலோ இந்த வாதம் நிற்பது கடினம். ஆகவே கப்பலிலிருந்து பெட்டகம் இறங்கும்போதே முத்திரையைச் சரிபார்த்துக் குறிப்பெடுப்பது முகவருக்கு முதன்மையான தற்காப்பாகும்.

தவறான விவரத்தால் இழப்பு நேர்ந்தால் ஈடு செய்வதாக அனுப்புநரிடமிருந்தோ சரக்கு பெறுபவரிடமிருந்தோ முகவர்கள் உறுதிக் கடிதம் பெறுவது வழக்கம். அக்கடிதம் சுங்கத்துறையைக் கட்டுப்படுத்தாது. முகவர் தண்டத்தைத் தாம் செலுத்திவிட்டு, பின்னர் உரிமையியல் வழக்கின் மூலமே அத்தொகையைத் திரும்பக் கோர முடியும்.