கல்லில் ஏறிய கருமை

ஆரணிக்கும் ஜவ்வாது மலையடிவாரத்திற்கும் இடையே, பட்டுத்தறிகள் நிறைந்த வட்டாரத்தில், சந்தவாசல் என்னும் ஊர் இருக்கிறது. அதனை அடுத்துள்ள படவேடு, ஒரு காலத்தில் சம்புவராய மன்னர்களின் தலைநகராய் விளங்கியது. படவேட்டிலாயினும் பிற ஊர்களிலாயினும், பழைய கற்கோயில் ஒன்றைச் சுற்றி வருவோர் ஓர் உண்மையைக் காணலாம். மடைப்பள்ளி, திருமஞ்சன நீர் வழியும் கோமுகம், விளக்கு மாடம் ஆகிய இம்மூன்றிடங்களிலும் கல் மிகக் கறுத்திருக்கும். மடைப்பள்ளி கோயிலின் அடுக்களை. கோமுகமோ அதன் குளியலறைக் குழாய் எனலாம். நம் வீட்டு அடுக்களை மேடையும் குளியலறைத் தரையும் கறுப்பதற்குரிய காரணங்களே அங்கும் செயற்படுகின்றன.

கல் திண்ணியது, ஆயினும் முற்றும் அடைபட்டதன்று. கருங்கல்லில் மணிக்கு மணி இடையே கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள் உள்ளன. அவற்றின் கொள்ளளவு பொதுவாக நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவே. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல இவ்வெடிப்புகளும் திரவத்தை உள்ளிழுக்கின்றன. காற்று நிறைந்திருந்த இடத்தில் திரவம் புகுந்தவுடன், முன்பு சிதறித் திரும்பிய ஒளி கல்லினுள்ளேயே அமிழ்ந்துவிடுகிறது. ஆதலால் கல் கறுத்துத் தோன்றுகிறது. தண்ணீர் பட்ட கல் உலர்ந்ததும் பழைய நிறம் பெறும். எண்ணெயோ எளிதில் உலர்வதன்று. நல்லெண்ணெய் போன்றவை காற்றிலுள்ள பிராணவாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றுப் பிசினாய் இறுகுகின்றன. அந்தப் பிசினில் விளக்குக் கரியும் தூசியும் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

இவ்வாறு எவ்வளவு எண்ணெயும் நெய்யும் கோயில்களிற் செலவாயின? கல்வெட்டுகளே கணக்குக் கூறுகின்றன. கி.பி. 1010-இல் முதலாம் இராசராசன் நிறைவுசெய்த தஞ்சைப் பெருங்கோயிலில், ஒரு நந்தா விளக்கிற்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி. ஆகவே ஒரே விளக்கு ஓராண்டில் 91 நாழிக்கு மேல் நெய் உண்ணும். நூறாண்டில் ஒன்பதாயிரம் நாழியைக் கடக்கும். அதில் மாடத்துக் கல்லுக்குச் சேர்ந்த பங்கு சிறிதாயினும், நூற்றாண்டுகள் அதனைப் பெரிதாக்கின.

நீரால் வரும் கறை வேறு வகையினது. நீர் தங்கும் கல்லில் பாசியும் நுண்ணுயிர்களும் படர்ந்து, உலர்ந்தபின் கருந்திரையாய் நிற்கும். கல்லிலுள்ள இரும்புத் தாது நனைந்து நனைந்து துருவாகிப் பழுப்பு நிறம் காட்டும். உப்புநீர் வற்றினால் வெண்படலம் தோன்றும். சலவைக்கல்லுக்கு மற்றோர் பகையும் உண்டு: எலுமிச்சைச் சாறு, மோர், புளி முதலியவற்றின் அமிலம் அதன் சுண்ணத்தையே அரித்து மெருகைக் கெடுக்கும். அது கறையன்று, காயம். கருங்கல் அமிலத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது: கருமையெல்லாம் கறையன்று. பல்லாவரத்துக் குன்றுகளில் கிடைக்கும் கல்வகை ஒன்று இயல்பாகவே கருநீலச் சாயலும் எண்ணெய் பூசினாற்போன்ற மினுக்கமும் உடையது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் அக்கல் இருப்பது கண்டு, தாமஸ் ஹாலந்து என்னும் நிலநூலறிஞர் அதற்குச் ‘சார்னாக்கைட்’ என்று பெயரிட்டார். இதனைத் தேய்த்து வெளுக்க முயல்வது வீண் வேலை.

வீண் மட்டுமன்று, கேடும் ஆகும். திருப்பணி என்னும் பெயரால் நம் கோயில்கள் பலவற்றில் அழுத்தக் காற்றால் மணலை வீசிக் கல்லைத் துலக்கினர். கறை போயிற்று, கல்லின் மேற்தோலும் உடன் போயிற்று. ஆழம் குறைந்த எழுத்துகள் மழுங்கின. அறநிலையத்துறை பின்னர் இம்முறையைத் தடைசெய்தது. இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தாரும் 1937, 1938-ஆம் ஆண்டுகளில் கிரேக்கப் பார்த்தினான் சிற்பங்களைச் செப்புக் கருவிகளாற் சுரண்டி வெண்மையாக்கி, பின்பு பெரும் பழிக்கு உள்ளாயினர்.

நம் நாட்டில் இழப்பு இன்னும் பெரிது. ஏனெனில் நம் சுவர்களே நம் ஏடுகள். படவேட்டு அம்மையப்பேசுவரர் கோயிலில் சக ஆண்டு 1180, அதாவது கி.பி. 1258 அளவில், இராசகம்பீரச் சம்புவராயன் காலத்துக் கொடை ஒன்று பொறிக்கப்பட்டுள்ளது. விரிஞ்சிபுரம் கோயில் முற்றத்தின் தரையிலேயே பதிந்த கல் ஒன்று 1425-ஆம் ஆண்டினது. படைவீட்டு இராச்சியத்து அந்தணர்கள், இனிப் பெண்ணுக்குப் பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே மணம் செய்விப்பது என்று செய்துகொண்ட உடன்பாட்டை அது கூறுகிறது. மீறுவோர்க்கு அரச தண்டனையும் குலவிலக்கும் உண்டு. மக்கள் மிதித்து நடக்கும் தரையில் கிடந்த அக்கல்லின் எழுத்துகள் தப்பியமையால்தான், ஹூல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அதனைப் படித்து 1890-இல் அச்சேற்ற முடிந்தது.

ஆயின் எண்ணெய்க் கறையை நீக்க வழி இல்லையா? உண்டு. நுண்ணிய வெண்களிமண்ணையோ காகிதக் கூழையோ கறைக்கு ஏற்ற கரைப்பானிற் குழைத்துக் கல்லின்மேல் அப்பி மூடிவைப்பர். கரைப்பான் உட்சென்று எண்ணெயை இளக்கும்; பூச்சு உலருகையில் அதனை வெளியே இழுத்துக்கொள்ளும். ஒருமுறையிற் போகாது, பலமுறை செய்தல் வேண்டும். வீட்டில் மேடை மீது எண்ணெய் சிந்தினால் உடனே மாவையாவது சுண்ணக்கட்டித் தூளையாவது தூவி உறிஞ்சச் செய்து, பிறகு துடைக்கலாம். தேய்ப்பதாயின், நாரும் மென்மையான சவர்க்கார நீருமே போதும்.