போர்வைக்குள் ஒரு போப்பாண்டவர்

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் ரமண மகரிஷியானபின் அவருக்கென்று ஒரு முகம் ஊரறிய நிலைத்துவிட்டது. 1946-இல் வெல்லிங் எடுத்த புகைப்படம் எங்கே மாட்டியிருந்தாலும், அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகூட யாரென்று சொல்லிவிடும். அந்த முகச்சாயலை விட்டுவிட்டு, வேறொரு தலையை வைத்துப் பஸ் ஸ்டாண்டு வாசலில் சிலை நிறுத்தினால் நம்மூர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? ரோமாபுரிக்காரர்களும் இருக்கவில்லை.

போப் இரண்டாம் ஜான் பால் 2005 ஏப்ரலில் மறைந்தார். 1986 பிப்ரவரியில் சென்னைக்கு வந்துபோனவர். தமிழ்நாட்டிலும் அவரை நேரில் பார்த்தவர்கள் நிறைய உண்டு. 2011 மே 1-ஆம் தேதி அவருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. அதே மாதம் 18-ஆம் தேதி, அவர் பிறந்த நாளில், ரோமின் டெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரே சிலை திறந்தார்கள். சுமார் 5 மீட்டர் உயர வெண்கலம். செய்தவர் ஒலிவியேரோ ரைனால்தி. ஓர் அறக்கட்டளை நகரத்துக்குத் தந்த அன்பளிப்பு.

கரு நல்ல கருதான். போப் தம் மேலங்கிக்குள் ஒரு குழந்தையைச் சேர்த்து அணைத்துக்கொண்ட புகைப்படம் ஒன்று உண்டு. அதிலிருந்துதான் சிற்பிக்கு யோசனை பிறந்தது. வருகிறவர் எல்லோரையும் வாங்கிக்கொள்ளும் அங்கி. அதனால் உடம்பே வைக்கவில்லை. திறந்த போர்வை, உள்ளே வெற்றிடம், மேலே ஓர் உருண்டைத் தலை.

கூட்டம் பார்த்தது தலையைத்தான். "இது முசோலினி" என்றார்கள். காவலாளி நிற்கும் கூண்டு என்றும், பொதுக் கழிப்பிடம் என்றும் பேச்சு. வாட்டிகனின் சொந்தப் பத்திரிகையே, குண்டு வெடித்துப் பிளந்தது போலிருக்கிறது என்று எழுதியது. வரைபடத்துக்கு வாட்டிகன் தரப்பு முன்பே சம்மதம் தந்திருந்தது என்பதுதான் வேடிக்கை.

மேயர் அலெமானோ குழு அமைத்தார். சிற்பியே திருத்தினார்: முகத்தில் சாயல் வந்தது, கழுத்தும் தோளும் சேர்ந்தன, அங்கியின் மடிப்பு மாறியது. பாகங்களை ஒட்டவைத்ததில்தான் முதலில் கோளாறு என்பது அவர் விளக்கம். 2012 நவம்பரில் மறுபடி திறப்பு. திட்டு அடங்கியது, ஆனால் பழைய சிலையிலிருந்த துணிச்சலும் கொஞ்சம் போய்விட்டது என்றே எனக்குப் படுகிறது.

மக்களுக்குக் கலை தெரியாது என்று இதற்குப் பொருளில்லை. கும்பிட்டுப் பழகிய முகத்தை அவர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை. தாளில் பார்த்துத் தலையாட்டியவர்கள்தான் இதற்குப் பொறுப்பு. ஐந்து மீட்டர் உருவத்தைச் சுற்றி நடந்து பார்க்காமல் எப்படிச் சம்மதம் சொல்வது?

நம் பக்கத்தில் யாராவது ஒரு பெரியவருக்குச் சிலை வைக்கக் கிளம்பினால், முதலில் முழு அளவில் களிமண்ணில் செய்து, அவரைக் கண்ணால் கண்ட நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். வெண்கலத்தை அப்புறம் உருக்கலாம்.